எட்டில் ஒரு பங்கு நொடி

அந்த மூலையில நிக்கற ஆளு யாருன்னுதானே சார் பாக்கறீங்க? கிட்டப் போயி மூக்கு ஒட்டற மாதிரி பாத்தீங்க. அப்புறம் திரும்பி என்னப் பாத்தீங்க, மறுபடியும் படத்தப் பாத்தீங்க. நான்தான். சட்டை வேற, ஆளு அதே ஆளு.

கீழ எழுதி ஒட்டியிருக்காங்களே, படிச்சீங்களா? 'மனைவி தீயில் நிற்பதைக் காணப் பொறுக்காமல் பார்வையைத் திருப்பிக்கொண்ட கணவன்.' போட்டோ போட்டி நடுவருங்க எழுதினது. அதுக்குத்தான் முதல் பரிசு. காலையிலேருந்து நாலு பேரு என் கையப் புடிச்சு குலுக்கிட்டாங்க. ஒரு அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டே, இந்தக் காலத்துல இப்படி ஒரு வீட்டுக்காரரான்னு சொல்லிட்டுப் போனாங்க. கும்பிட்டு அனுப்பினேன்.

நீங்க கை குடுக்கல. சும்மா பாத்துட்டே நின்னீங்க. அதனால உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுது. வாங்க, இந்த பெஞ்சில உக்காருவோம். இங்கேருந்தும் படம் நல்லாத் தெரியும். தெரியாம இருந்தா எனக்கு நல்லது, ஆனா தெரியும்.

என் பேரு தெய்வசிகாமணி. திண்டிவனத்துக்கும் வந்தவாசிக்கும் நடுவுல எங்க ஊரு. பஸ் நிக்கற எடத்துக்கு எதிர்லயே ஸ்டுடியோ. இருபத்தொம்பது வருஷமா நடத்தறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ், செத்தவங்களுக்கு மாலை போட்டு மாட்டற படம், எல்லாம் நம்ம கைதான். படத்துல தீக்குழி நடுவுல மஞ்சப் புடவையோட நிக்கறா பாருங்க, அவ என் சம்சாரம், பாஞ்சாலை. ஸ்டுடியோவுல எனக்குக் கூடமாட இருக்கறது அவதான். படத்த எடுத்தது இளம்பரிதி. அவ தங்கச்சி வீட்டுக்காரரு. எனக்கு சகலை. கரண்ட் ஆபீஸ்ல வேலை. வீடு வீடா போயி மீட்டர் பாத்து எழுதிட்டு வர்ற வேலை.

மொதல்லயே சொல்லிடறேன் சார், எனக்கு அவரு மேல பொறாமை கெடையாது. மீட்டர் பாக்கறவரு மேல எனக்கு என்ன பொறாமை?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேமரா வாங்கினாரு. வாங்கட்டும். யாரு வேணாலும் வாங்கலாம். மீட்டர் பாக்கப் போற எடத்துல எல்லாம் எடுக்க ஆரம்பிச்சாரு. கெணத்து மேட்டுல ஒக்காந்திருக்கற கெழவரு, மழையில நனையற டிரான்ஸ்பார்மர், சாணி மேல ஒக்காந்திருக்கற ஈ. இதெல்லாம் ஒரு படமா? எங்க வீட்டுக்கு வந்து போன்ல ஒவ்வொண்ணா தள்ளிக் காட்டுவாரு. நான் பாத்துட்டு, ஃபோகஸ் கொஞ்சம் பின்னாடி போயிடுச்சு, ஓரத்துல வெட்டு விழுந்திருக்குன்னு சொல்லுவேன். தப்பு சொல்றதுக்காக சொல்லல, இருந்த தப்பத்தான் சொன்னேன். அவரு சட்டைப் பாக்கெட்டுலேருந்து ஒரு சின்ன நோட்ட எடுத்து எழுதிக்குவாரு. அது எனக்கு இன்னும் எரிச்சல். கோவப்பட்டாலாவது பரவால்ல. எழுதிக்கறாரு.

ஒரு நாளு பசுமாட்டுப் படம் ஒண்ணு காட்டினாரு. கன்னு போட்ட மாடு, கன்ன நக்கிட்டு நிக்குது. பாஞ்சாலை ஈரக் கைய முந்தானையில தொடச்சிட்டு வந்து போன வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. இந்த மாட்டுக்கு உசுரு இருக்குதுங்கன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. இருபத்தேழு வருஷம் என்கூட வாழறா சார். நான் எடுத்த படத்துல எத்தன ஆயிரம் அவ கையால கவர்ல போட்டுக் குடுத்திருப்பா. ஒண்ணுக்காவது உசுரு இருக்குன்னு சொன்னதில்ல. நல்லா வந்திருக்குன்னு சொல்லுவா. நல்லா வந்திருக்கறது வேற, உசுரு இருக்கறது வேறன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அந்த மாட்ட அவரு பெருசா பிரிண்ட் போட்டு, கண்ணாடி போட்டுக் கொண்டாந்து குடுத்துட்டாரு. எங்க வீட்டு கூடத்துல மாட்டியிருக்கு. போட்டோகிராபர் வீட்டுல மீட்டர்காரர் எடுத்த மாடு. வந்தவங்க எல்லாம் நீங்க எடுத்ததான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லுவேன். சில பேருகிட்ட சொல்லல. அது வேற.

எங்க ஊரு திரௌபதி அம்மன் கோயில்ல வருஷா வருஷம் தீமிதி. பதினெட்டு நாளு பாரதம் படிச்சு, கடைசி நாளு பொழுது சாயற நேரத்துல தீ மிதிப்பாங்க. புளியங்கட்டைய மத்தியானமே அடுக்கிக் கொளுத்திடுவாங்க. சாயந்தரம் அது தணலாயிடும். அந்த எடத்துல கோயில்காரங்க எனக்குன்னு ஒரு பரண் கட்டித் தருவாங்க. வேற யாருக்கும் தர மாட்டாங்க. இந்த வருஷம் என்னடான்னா, தீக்குழிக்கு அந்தாண்ட பக்கம் கட்டச் சுவரு இருக்குதே, அதுகிட்ட சகலைய நிக்க விடறதா முடிவு பண்ணிட்டாங்க. திருவிழாவுக்குக் கரண்டு கனெக்சன் எடுக்கறதுல அவரு ஒத்தாசை பண்ணாராம். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.

தீமிதிக்கு மொத நாளு அவரே வீட்டுக்கு வந்தாரு. நோட்டும் பேனாவுமா ஒக்காந்தாரு. அண்ணா, தீய நான் எடுத்ததே இல்ல, என்ன செட்டிங் வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்னு கேட்டாரு. என்ன அண்ணான்னுதான் கூப்பிடுவாரு.

தீய எடுக்கறது லேசு இல்ல சார். மனுசன் முகத்து மேல வெளிச்சம் வந்து விழும், நெருப்போ அதுவே வெளிச்சம். கேமராவ அது போக்குல விட்டா, சுத்தி இருக்கற இருட்டப் பாத்துட்டு வெளிச்சம் பத்தலன்னு நெனச்சுக்கும். அதுபாட்டுக்கு அள்ளி ஊத்தும். நெருப்பு வெறும் வெள்ளையா, சுண்ணாம்பு கொட்டின மாதிரி வந்துடும். அதனால நெருப்ப வச்சு அளக்கணும், கேமரா சொல்றதுலேருந்து கொஞ்சம் கொறைச்சு வைக்கணும். பிளாஷ் ஆகவே ஆகாது. நான் எப்பவும் ஷட்டர ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கு வைப்பேன். லென்ஸ முழுசாத் தெறந்துடுவேன். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்த எவ்வளவு இழுக்கணுங்கறது, ஆயிரத்து அறநூறு. தீ அப்படியே நின்னுடும். ஒவ்வொரு நாக்கும் தனித்தனியா, ஒவ்வொரு பொறியும் புள்ளி வச்ச மாதிரி. மிதிக்கறவங்க கால் வெரல்ல ஒட்டியிருக்கற சாம்பல் வரைக்கும் தெரியும்.

இத அப்படியே அவருகிட்ட சொல்லியிருக்கலாம். வாயில வந்துது. சத்தியமா வந்துது. அப்போ கூடத்துல அந்த மாடு மாட்டியிருக்கு பாருங்க, அது அவரு தலைக்கு நேரா பின்னாடி. நான் அவர பாக்கும்போதெல்லாம் அது என்னப் பாத்துச்சு.

எல்லாத்தையும் மாத்திச் சொன்னேன் சார். ஷட்டர் எட்டுல ஒரு பங்கு செகண்டுன்னு சொன்னேன். அந்த நேரத்துல ஆள் நடந்தா படத்துல வெறும் பூச்சாத்தான் வருவாங்க. ஐஎஸ்ஓ நூறுன்னு சொன்னேன். வைட் பேலன்ஸ்ல பல்பு படம் போட்டிருக்கும், அத வையுங்க, நெருப்பும் பல்பும் ஒரே சாதின்னு சொன்னேன். அத வச்சா நெருப்போட செவப்பெல்லாம் செத்துடும், வானம் நீலம் பாரிச்சுப் போயிடும். ஸ்டாண்டு கொண்டாராதீங்க, கூட்டத்துல தட்டி விட்டுடுவாங்கன்னும் சொன்னேன். பிளாஷ் போடச் சொல்லல. அந்த அளவுக்கு மனசு வரல.

அவரு ஒண்ணொண்ணா எழுதிக்கிட்டாரு. எழுதினத ஒரு தரம் எனக்கு வாசிச்சுக் காட்டினாரு, சரிதானான்னு. சரிதான்னேன். டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

பாஞ்சாலை தீ மிதிக்கறதுக்காக பத்து நாளைக்கு முன்னாடியே காப்பு கட்டியிருந்தா. ஒரு வேளைதான் சாப்பாடு, தரையிலதான் படுக்கை. எதுக்கு வேண்டிக்கிட்டேன்னு நான் கேக்கல. பொம்பளைங்க ஆயிரம் வேண்டிக்குவாங்க. தீமிதி அன்னிக்குக் காலையில மஞ்சள் அரைச்சிட்டிருந்தவ, இன்னிக்கு என்னைய ஒரு படம் எடுங்கன்னு சொன்னா. எடுக்கறேன்னேன். அவ அப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்ல. எங்க கல்யாணத்துல எடுத்தது இருக்கு, ரேஷன் கார்டுக்கு எடுத்தது இருக்கு. நடுவுல அவளத் தனியா நிக்க வச்சு நான் எடுத்ததா ஞாபகம் இல்ல. வேலையில மறந்து போச்சு.

பொழுது எறங்கிச்சு. பம்பையும் உடுக்கையும் முழங்குது, கோவிந்தா கோவிந்தான்னு சனம் கத்துது. மொதல்ல கரகம் எடுத்தவரு எறங்கினாரு. அப்புறம் ஆம்பளைங்க. நான் பரண் மேல நின்னு தட்டிக்கிட்டே இருக்கேன். எல்லாம் கண்ணாடி மாதிரி விழுது. நடுவுல நடுவுல அந்தாண்ட பாக்கறேன். சகலை சுவரு மேல தன்னோட ஆபீஸ் பைய வச்சு, அதுக்கு மேல கேமராவ அமுக்கிப் புடிச்சிட்டு ஒக்காந்திருக்காரு. ஸ்டாண்டு இல்லன்னா என்ன, பை இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டாரு.

ஆனாலும் எட்டுல ஒண்ணுல ஆளு வராது, அது எனக்குத் தெரியும். அவரு எப்போ கேமராவத் திருப்பி, எடுத்த படத்தப் பாப்பாருன்னு காத்துட்டிருந்தேன். பாத்ததும் அவரு முகம் எப்படி மாறுதுன்னு நான் பாக்கணும். அந்த முகத்த ஒரு தரம் பாத்துட்டா போதும்னு இருந்துது. அத மட்டும் பாத்துட்டு, அப்புறம் ஓடிப் போயி சரியான செட்டிங்க சொல்லிடலாம்னு கூட நெனச்சேன். நெஜமாத்தான் சொல்றேன்.

பொம்பளைங்க எறங்க ஆரம்பிச்சாங்க. அதுவும் தெரியும் எனக்கு. பாஞ்சாலை வரிசையில ஏழாவதோ எட்டாவதோ. வரட்டும், வரும்போது எடுத்துக்கலாம்னு கேமரா நெஞ்சுல தொங்குது, கண்ணு அந்தாண்ட. திடீர்னு கூட்டம் ஒரு மாதிரி சத்தம் போட்டுச்சு. கோவிந்தா இல்ல, வேற சத்தம். நான் திரும்பறதுக்குள்ள அவ ஏறிட்டா. தணலு முடியற எடத்துல கால் ஆற பால் ஊத்தி வச்சிருக்கற குழிக்குள்ள ரெண்டு காலையும் வச்சிட்டு நிக்கறா. ரெண்டு பொம்பளைங்க தாங்கிப் புடிச்சிட்டிருக்காங்க.

தணலு நடுவுல நின்னுட்டா சார். நடந்து போனவ, நடுவுல நின்னுட்டா. ஒரு செகண்டா ரெண்டு செகண்டா தெரியல. பாதம் ரெண்டும் கொப்பளிச்சுப் போச்சு. ஆஸ்பத்திரியில பதினோரு நாளு. சாமி வந்து நின்னான்னு ஊருல பேசினாங்க. சாமிக்கு முன்னாடி தீட்டு பாத்திருக்கணும்னு வேற சில பேரு பேசினாங்க. அவ தங்கச்சிதான் ஆஸ்பத்திரி வராண்டாவுல என்கிட்ட சொன்னா, மாமா, உங்க கண்ணுக்குத்தான் அக்கா வேண்டிக்கிச்சுன்னு. போன வருஷம் சக்கரையால எனக்குக் கண்ணுல ரத்தம் கசிஞ்சு லேசர் வச்சாங்க. பார்வை நிக்கணும்னு வேண்டிக்கிட்டாளாம். பார்வை இப்போ நல்லா இருக்கு. தூரத்துல இருக்கறதெல்லாம் தெரியுது.

ஆஸ்பத்திரிக்குத்தான் சகலை அந்தப் படத்தக் கொண்டாந்தாரு. அத நான் கையில வாங்கினப்போ எப்படி இருந்துதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களே பாருங்களேன். நான் எதெல்லாம் கெட்டுப் போகட்டும்னு சொன்னேனோ, அதெல்லாம்தான் படம். வானம் பாருங்க, அந்த நீலம் எங்க ஊரு வானத்துக்குக் கெடையாது. நெருப்பு செவப்பா இல்லாம, காய்ச்சின நெய்யாட்டம் ஓடுது. முன்னாடி போனவ, பின்னாடி வர்றவ, கத்தற சனம், எல்லாரும் பூச்சு. பொகையாட்டம். நடுவுல அவ ஒருத்தி மட்டும் புடவை மடிப்பு வரைக்கும் தெளிவா நிக்கறா. ஏன்னா அவ ஒருத்திதான் அசையல. அவளும், மூலையில நானும். நானும் அசையல. கண்ணக் கூட அசைக்காம அந்தக் கேமராவையே பாத்துட்டிருக்கேன்.

இருபத்தொம்பது வருஷத்துல இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்ல. அன்னிக்கு நான் எடுத்தது நானூத்திப் பதினாறு. ஒவ்வொண்ணும் கூர்மையா இருக்கு. ஒண்ணுலயும் அவ இல்ல.

அது என் படம்தானே சார்? யோசிச்சுப் பாருங்க. செட்டிங் என்னுது. நிக்கறது என் சம்சாரம். அவரு பண்ணினது பைய வச்சு அமுக்கினது ஒண்ணுதான். ஆனா அத நான் யாருகிட்ட போயி சொல்ல? சொன்னா, ஏன் அப்படி ஒரு செட்டிங்க சொன்னீங்கன்னு கேப்பாங்க. இன்னிக்குக் காலையில பரிசு வாங்கும்போது மைக்கப் புடிச்சு அவரே சொல்லிட்டாரு, இந்த செட்டிங் எங்க அண்ணன் போட்டுக் குடுத்தது, இந்தப் படத்துல பாதி அவருதுன்னு. எல்லாரும் திரும்பி என்னப் பாத்துக் கைதட்டறாங்க. செருப்பால அடிச்சிருந்தா தேவலாம்னு இருந்துது.

பரிசு வந்திருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு பாஞ்சாலைகிட்ட சொல்லிட்டேன். ஸ்டுடியோவுல யாரும் இல்ல. அவ கவர்ல படத்தப் போட்டுட்டிருந்தா. சகலைகிட்ட நான் தப்பான செட்டிங்கத்தான் சொன்னேன்னு சொன்னேன். நிமிந்து கூடப் பாக்கல.

"தெரியும். அன்னிக்கு டீ போட்டுட்டு இருந்தேனே, காதுல விழுந்துது."

"தெரிஞ்சா ஏன் அவருகிட்ட சொல்லல?"

"உங்களப் பத்தி அவருகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

கொஞ்ச நேரம் கவருங்கள எண்ற மாதிரி பாவனை பண்ணிட்டிருந்தேன். அப்புறம்தான் எனக்கு ஒறைச்சுது. எட்டுல ஒண்ணுல ஆளு அசைஞ்சா வராதுன்னு அவளுக்குத் தெரியும். ஸ்டுடியோவுல வர்றவங்கள ஆடாம நில்லுங்க, மூச்ச அடக்குங்கன்னு சொல்றதே அவதான். அவரு கேமரா எட்டுல ஒண்ணுல இருக்குன்னும் அவளுக்குத் தெரியும். என் கேமராவுக்கு அவ நிக்க வேண்டிய அவசியமே இல்ல. ஓடினாக்கூட நான் புடிச்சிருப்பேன்.

கேட்டுட்டேன் சார். கேக்கக் கூடாது, தெரியும். கேக்காம இருக்க முடியல. நெருப்புல நின்னியே, யாருக்காக நின்னேன்னு கேட்டேன்.

இப்போ நிமிந்தா. ரொம்ப நிதானமா சொன்னா. "மொதல்ல உங்களத்தான் பாத்தேன். நீங்க என்னப் பாக்கல. அப்படி என்னத்தப் பாக்கறீங்கன்னு நானும் அங்க திரும்பிப் பாத்தேன். அவ்வளவுதான்."

"அதுக்கு நிக்கணுமா? நடந்துட்டே பாத்திருக்கலாமே. யாருக்காக நின்னேன்னு கேக்கறேன்."

"நீங்க எடுத்திருந்தீங்கன்னா, உங்களுக்காக."

சொல்லிட்டுக் கவர ஒட்ட ஆரம்பிச்சிட்டா. அதுக்கு மேல நானும் கேக்கல, அவளும் சொல்லல. நாலு மாசம் ஆச்சு. சாப்பிடும்போது அதுதான் நெனப்பு, கல்யாண வீட்டுல ஃபோகஸ் பண்ணும்போது அதுதான் நெனப்பு. உங்களுக்கு என்ன தோணுது? நீங்க வெளியாளு, படத்த ரொம்ப நேரம் பாத்தீங்க. அந்த முகத்துல யாரு இருக்காங்க? வேணாம், சொல்லாதீங்க. நீங்க ஒண்ணு சொல்லி அது வேற எனக்கு வேணாம்.

இதோ, பாஞ்சாலையும் சகலையும் கீழ சாப்பிட்டுட்டு வர்றாங்க போல. குரல் கேக்குது பாருங்க. எடது பாதம் இன்னும் அவளுக்கு முழுசா சரியாகல. தரையில நல்லாத்தான் நடக்கறா, படி ஏறும்போதுதான் கொஞ்சம் நின்னு நின்னு வருவா. அந்த வெள்ளைச் சட்டைதான் சகலை. பாருங்க, அவரு ஏறி வந்துட்டு, திரும்பி நின்னு கை நீட்டறாரு. நல்ல மனுசன் சார். அதுதான் தொந்தரவே. கெட்டவரா இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்.

அவ இன்னும் அந்தக் கையப் புடிக்கல. அண்ணாந்து இந்தப் பக்கம் பாக்கறா.

கொஞ்சம் இருங்க சார். நான் எறங்கிப் போறேன்.